கடலூர் படத்தை மலர் அட்டையில் போடலாமா?

2024 டிசம்பர் 11, இரவு

கேட்டவர் கடலூர் தேவனாம்பட்டினத்துக்காரர். கேள்வியை அப்படியே தருகிறேன்: "சுனாமி வந்து இருபது வருஷம் ஆகிறது. எங்கள் இளைஞர் மன்றம் நினைவு மலர் போடுகிறது. ஒரு பெண் மணலில் விழுந்து அழும் அந்தப் படத்தை அட்டையில் வைக்கலாம் என்றிருக்கிறோம். கடலூரில் எடுத்த படம்தானே. மலரை விற்கப் போவதில்லை. எடுத்தவர் பெயரையும் போட்டுவிடுவோம். போதும்தானே அண்ணா?"

போதாது தம்பி.

நீங்கள் சொல்லும் படம் 2004 டிசம்பர் 28 அன்று கடலூரில் எடுக்கப்பட்டது. எடுத்தவர் ஆர்கோ தத்தா, ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்துக்காக. அந்த ஆண்டின் உலகப் பத்திரிகைப் புகைப்பட விருது அதற்குத்தான் போனது. நம் ஊர் மணல், நம் ஊர்ச் சாவு, நம் ஊர்ப் பெண். ஆனால் படத்தின் உரிமைக்கும் ஊருக்கும் சம்பந்தமில்லை.

"விற்கவில்லை", "பெயர் போட்டோம்" என்ற இரண்டையும் அனுமதிக்குச் சமம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்தேன். பெயர் போடுவது எடுத்தவருக்குச் செய்யும் மரியாதை. அனுமதி வேறு விஷயம், அதைத் தனியாக வாங்க வேண்டும்.

2024 டிசம்பர் 12

"நியாயமான பயன்பாடு என்று ஒன்று இருக்கிறதே, அதில் வராதா?" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். அந்தச் சொல் அமெரிக்கச் சட்டத்தில் இருந்து இணையம் வழியாக நமக்கு வந்தது. அங்கே நீதிமன்றம் நான்கு விஷயங்களைப் பார்க்கும். எதற்காகப் பயன்படுத்தினாய், எடுத்த படைப்பு எப்படிப்பட்டது, அதில் எவ்வளவு எடுத்தாய், அதனால் உரிமையாளரின் சந்தைக்கு என்ன ஆகும். இந்த நான்கையும் சேர்த்து எடைபோட்டுத்தான் தீர்ப்பு. முன்கூட்டியே தெரியாது.

இந்தியாவில் இருப்பது நியாயமான கையாளுகை. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு காரணங்களை எண்ணிச் சொல்கிறது: தனிப்பட்ட பயன்பாடும் ஆய்வும், விமர்சனம், நடப்புச் செய்தி. வகுப்பில் ஆசிரியர் பாடத்துக்காகப் பயன்படுத்துவதற்கு அதே பிரிவில் தனி இடம் உண்டு. உங்கள் காரணம் இந்தப் பட்டியலில் இல்லையென்றால், மனசு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் பிரயோஜனமில்லை. நினைவு மலர் அட்டை எதில் வரும்? யோசித்துப் பார்த்தேன், எனக்கு இடம் கிடைக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இலங்கையின் 2003ஆம் ஆண்டு அறிவுசார் சொத்துச் சட்டம் 11ஆவது பிரிவில் அமெரிக்க மாதிரியே நான்கு அம்சங்களை வைத்திருக்கிறது. ஆகவே ஒரே மலரைக் கடலூரில் அச்சடிப்பதும் பருத்தித்துறையில் அச்சடிப்பதும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல.

பட உரிமை எத்தனை ஆண்டு நிற்கும் என்ற காலக்கணக்கும் கேட்டிருந்தீர்கள். இந்தியாவில் புகைப்படத்துக்கு, வெளியானதில் இருந்து 60 ஆண்டு. அதாவது இந்தப் படம் 2064 வரை.

2024 டிசம்பர் 14

மேலே சொன்ன காலக்கணக்கு தப்பு. நண்பரான வக்கீல் ஒருவர் படித்துவிட்டுக் காலையிலேயே போன் செய்தார். வெளியானதில் இருந்து 60 ஆண்டு என்று சொன்னது பழைய 25ஆவது பிரிவு. 2012 திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது புகைப்படத்துக்கும் கதை, ஓவியம் போலத்தான் கணக்கு: எடுத்தவர் ஆயுள் முழுக்க, அதற்கப்புறம் 60 ஆண்டு. 2004 படத்துக்குக் கடிகாரம் இன்னும் ஓடவே ஆரம்பிக்கவில்லை.

2012க்கு முன்பே காலம் முடிந்துபோனவை மறுபடி உயிர் பெறாது என்றும் சொன்னார். 1951க்குள் இங்கே வெளியான ஒரு இந்தியப் பத்திரிகைப் படம் என்றால் நிம்மதியாக எடுத்துக்கொள்ளலாம். 1960களின் படம் என்றால், எடுத்தவர் எப்போது இறந்தார் என்று தேட வேண்டும். அந்தக் காலத்துப் பத்திரிகைகளில் பெயரே போடாமல் எத்தனை படம் வந்திருக்கிறது! இந்தப் புதுக் கணக்கு வரலாறு எழுதுகிறவர்களுக்கு நல்லதே செய்யவில்லை என்பது என் எண்ணம்.

வெளிநாட்டுப் படம் என்றால் இன்னொரு முடிச்சு. மார்கரெட் பர்க்-வைட் 1946இல் புனேயில் எடுத்த காந்தி, ராட்டை படத்தை நம் பள்ளிக்கூடச் சுவர், கதர்க்கடை எங்கும் பார்க்கிறோம். காந்தி நம்முடையவர், அதனால் படமும் நம்முடையது என்ற நினைப்பு. எடுத்தவர் அமெரிக்காவின் லைஃப் பத்திரிகைக்காரர். அந்த நாட்டில், 1946இல் வெளியாகி உரிமை முறையாகப் புதுப்பிக்கப்பட்ட எதற்கும் 95 ஆண்டு, அதாவது 2041 முடியும் வரை. ஒரே படத்துக்கு நாட்டுக்கு நாடு வேறு வயது.

2024 டிசம்பர் 15

"அமெரிக்கப் படமெல்லாம் ஃப்ரீ" என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். அமெரிக்க மத்திய அரசின் ஊழியர்கள் வேலையாக எடுத்தவைதான் ஃப்ரீ. டோரத்தியா லாங் 1936இல் கலிஃபோர்னியாவில் எடுத்த புலம்பெயர்ந்த தாயின் படம் அரசுத் துறைக்காக எடுத்தது, அதனால் யாரும் அச்சடிக்கலாம். அமெரிக்கச் செய்தி நிறுவனத்தின் படம் அப்படியில்லை.

2024 டிசம்பர் 20

இதில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்டார்கள். இரண்டு பக்கமும் அடிபட்டவன் என்பதால்.

முதல் அடி என் தப்பு. 2016இல், வியட்நாம் போரில் நாபாம் குண்டில் உடல் வெந்து ஓடிவரும் சிறுமியின் படத்தை ஃபேஸ்புக் நிர்வாணம் என்று சொல்லி நீக்கியது. நார்வேயின் ஆஃப்டன்போஸ்டன் நாளிதழ் ஆசிரியர் முதல் பக்கத்தில் அதைக் கண்டித்து எழுதினார். அந்த நாட்டுப் பிரதமர் எர்னா சோல்பெர்க் போட்ட பதிவும் நீக்கப்பட்டது. கடைசியில் ஃபேஸ்புக் இறங்கிவந்து படத்தை அனுமதித்தது. நாங்கள் நாலு பேர் நடத்திய சிற்றிதழில் இதைப் பற்றி ஆறு பக்கம் எழுதினேன். கட்டுரைக்குள் படம் சின்னதாக ஒரு முறை. அதோடு நிறுத்தியிருக்கலாம். அட்டையில் முழுப் பக்கத்துக்கு வைத்தோம், இதழைப் பிடிஎஃப்பாக இணையத்திலும் போட்டோம்.

ஏழு மாதம் கழித்துப் பட உரிமை வசூலிக்கும் ஒரு நிறுவனத்தில் இருந்து கடிதம். நாலு இதழ் அச்சடிக்கும் காசைக் கேட்டார்கள். ஒரு வாரம் தூக்கமில்லை. பதில் எழுதியபோது கட்டுரைக்குள் இருக்கும் படம் விமர்சனத்துக்காக வைத்தது என்று ஒரு பக்கம் விளக்கினேன். அதைப் பற்றி அவர்கள் அப்புறம் பேசவே இல்லை. அட்டைக்கு மட்டும் பேரம் பேசிப் பாதிப் பணம் கட்டினோம்.

இரண்டாவது அடி: 2004இல் நான் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேரமாகப் படம் கொடுத்துக்கொண்டிருந்தேன். சம்பளம் கிடையாது, படத்துக்கு இவ்வளவு என்று காசு. டிசம்பர் 26 காலை எஃப்எம்10 கேமராவையும் இரண்டு ஃபிலிம் ரோலையும் தூக்கிக்கொண்டு கடற்கரைக்கு ஓடினேன். வீடு இருந்த இடத்தில் வாசற்படி மட்டும் நிற்கிறது. அதில் ஒரு அம்மா பித்தளைக் குடத்தை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறார். அழவில்லை. எடுத்தேன். உள்பக்கத்தில் மூன்று பத்தி அளவில் வந்தது.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்த மறுநாள் என் போனுக்கே அந்தப் படம் வந்தது, "வேதாரண்யம், இன்று காலை" என்ற தலைப்போடு. அதை வைத்து ஒரு அமைப்பு நிதி திரட்டிக்கொண்டிருந்தது. என் பெயர் இல்லாதது உறுத்தவில்லை என்று சொன்னால் பொய். அதைவிடப் பெரிய கோபம், அந்த அம்மாவை வேறு ஊருக்கு, வேறு சாவுக்கு மாற்றிவிட்டார்களே என்பதுதான்.

2024 டிசம்பர் 21

நேற்றைய குறிப்புக்கு ஒரு கேள்வி: "பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டால் உரிமை பத்திரிகைக்குத்தானே?"

பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவைப் பாருங்கள். மாதச் சம்பளத்தில் இருக்கும் பத்திரிகைப் புகைப்படக்காரர் என்றால், பத்திரிகையில் வெளியிடும் உரிமை முதலாளிக்கு, மற்ற உரிமை எடுத்தவருக்கு. வேறு ஒப்பந்தம் இருந்தால் அதன்படி. ஒருவர் காசு கொடுத்து "எடுத்துத் தா" என்று சொல்லி எடுக்க வைத்திருந்தால் அவருக்கு. கல்யாண ஆல்பம் அந்த வகை. நான் ஊழியனும் இல்லை, என்னை யாரும் அனுப்பவும் இல்லை. ஆகவே குடத்து அம்மா படம் என்னுடையதே.

"என்னுடையதே" என்று எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மாவுக்குச் சட்டத்தில் எந்தப் பங்கும் இல்லை.

2024 டிசம்பர் 26, மாலை

காலையில் கடற்கரைக்குப் போய்வந்தேன். வழக்கம்போலப் பால் ஊற்றினார்கள், பூ விட்டார்கள். வழிநெடுக ஃபிளெக்ஸ். மூன்றில் ஆர்கோ தத்தாவின் படம், இரண்டில் என்னுடையது. ஒன்றிலும் எடுத்தவர் பெயர் இல்லை, ஃபிளெக்ஸ் வைத்தவர்கள் பெயர் எல்லாவற்றிலும் இருந்தது.

குடத்து அம்மாவின் மகளைப் பார்த்தேன். அம்மா இறந்து ஆறு வருடம் ஆகிறதாம். அவர் சொன்னது: "எங்கம்மா படம் எல்லார் போன்லயும் இருக்கு சார். எங்க வூட்ல ஒண்ணு இல்ல."

இருபது வருடத்தில் ஒரு பிரிண்ட் போட்டுக் கொடுக்க எனக்குத் தோன்றவில்லை.

2025 ஜனவரி 5

மலரைப் பொங்கலுக்குத் தள்ளிவிட்டதாகத் தம்பி எழுதியிருக்கிறார், நேரம் கிடைத்தது. படத்தைப் பார்த்துக் கோட்டோவியமாக வரைந்துகொண்டால் தப்பிக்கலாமா என்கிறார்.

இதற்குச் சரியான வழக்கு ஒன்று உண்டு. 1963 நவம்பர் 22 அன்று டாலஸில் கென்னடி சுடப்பட்டதை ஆபிரகாம் சாப்ரூடர் என்ற ஆடை தயாரிப்பாளர் வீட்டு சினிமா கேமராவில் பிடித்தார். 26 விநாடிச் சுருள். லைஃப் பத்திரிகை 1,50,000 டாலருக்கு உரிமையை வாங்கியது. ஜோசையா தாம்சன் என்ற பேராசிரியர் எத்தனை குண்டு, எந்தத் திசையில் இருந்து என்று ஆராய்ந்து புத்தகம் எழுதினார். படச்சட்டங்களைப் பார்க்காமல் அந்த வாதம் புரியாது. பதிப்பாளர் புத்தகத்தின் லாபம் முழுவதையும் தருகிறோம் என்றும் கேட்டார், லைஃப் மறுத்தது. கரித்துண்டால் வரைய வைத்து வெளியிட்டார்கள். லைஃபின் தாய் நிறுவனம் வழக்குப் போட்டது.

1968இல் நியூயார்க் நீதிமன்றம் சொன்னதில் இரண்டு பகுதி. வரைந்தாலும் அது நகல்தான். ஆனாலும் இது நியாயமான பயன்பாடு, ஏனென்றால் மக்கள் அந்தக் கொலையைப் பற்றி முழுசாகத் தெரிந்துகொள்ள வேண்டும், லைஃபுக்கு நஷ்டமும் பெரிதாக இல்லை.

தாம்சனைக் காப்பாற்றியது கரித்துண்டு இல்லை தம்பி, அவருடைய ஆராய்ச்சி. உங்கள் அட்டையில் ஆராய்ச்சி எங்கே?

இதில் இருந்து நான் ஒரு அளவுகோல் வைத்திருக்கிறேன். படத்தைப் பற்றிப் பேசுகிறாயா, படத்தை வைத்துப் பேசுகிறாயா? பற்றிப் பேசினால் பெரும்பாலும் பயமில்லை. வைத்துப் பேசினால் அனுமதி வாங்கு.

2025 ஜனவரி 9

சே குவேரா டி-ஷர்ட்டைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. 1960 மார்ச் 5, ஹவானாவில் லா கூப்ர் கப்பல் வெடிப்பில் இறந்தவர்களுக்கான கூட்டம். ரெவல்யூசியோன் நாளிதழுக்காகப் போன ஆல்பெர்டோ கோர்டா எடுத்தார். நாளிதழ் அப்போது அந்தப் படத்தைப் போடவில்லை. 1967இல் சே கொல்லப்பட்ட பிறகு இத்தாலியப் பதிப்பாளர் ஃபெல்ட்ரிநெல்லி சுவரொட்டியாக வெளியிட்ட பிறகுதான் அது பரவலாகத் தெரிந்தது. உலகம் முழுக்க ஓடியதற்குக் கோர்டா காசு கேட்கவில்லை. 2000இல் ஸ்மிர்னாஃப் வோட்கா விளம்பரத்தில் வந்தபோதுதான் வழக்குப் போட்டார். சமரசத்தில் கிடைத்த 50,000 டாலரை கியூபக் குழந்தைகளின் மருந்துக்குக் கொடுத்துவிட்டார்.

நம் ஊர் இடதுசாரி இளைஞர்கள் பேனரில் அதே முகம் இருக்கிறது. கோர்டாவே பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார் என்று நம்புகிறேன். அவர் கோடு போட்ட இடம் எனக்குப் பிடிக்கும். ஆனால் அந்தக் கோட்டைப் போட்டது உரிமையாளர், பயன்படுத்தியவர் இல்லை. தம்பி இதை அடுத்த கூட்டத்தில் சொல்லுங்கள்.

2025 ஜனவரி 12

என் அளவுகோலை ஒருவர் நன்றாக உடைத்திருக்கிறார். "நினைவஞ்சலியும் ஒரு கருத்துதானே? படத்தை வைத்து 'மறக்க மாட்டோம்' என்று எழுதினால், அது படத்தைப் பற்றிய பேச்சு ஆகாதா?"

இதேபோல ஒரு வழக்கு நடந்திருக்கிறது. 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க் இடிபாடுகளுக்கு நடுவே மூன்று தீயணைப்பு வீரர்கள் கொடி ஏற்றுவதை தாமஸ் ஃபிராங்க்ளின் எடுத்தார், நியூஜெர்சியின் ஒரு நாளிதழுக்காக. 2013இல் ஃபாக்ஸ் நியூஸ் நிகழ்ச்சி ஒன்றின் ஃபேஸ்புக் பக்கம் அதையும், 1945இல் ஜோ ரோசெந்தல் ஜப்பானின் இவோஜிமா தீவில் எடுத்த கொடியேற்றப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "மறக்காதே" என்ற ஹேஷ்டேக் போட்டு வெளியிட்டது. நாளிதழ் நிறுவனம் வழக்குப் போட, இது நியாயமான பயன்பாடு, கருத்துச் சொல்லியிருக்கிறோம் என்றார்கள். 2015இல் நீதிபதி அதை அப்படியே ஏற்று வழக்கைத் தள்ளிவிட மறுத்தார். ஹேஷ்டேக் ஒன்றைச் சேர்த்ததால் மட்டும் படம் புதிய பொருள் பெற்றுவிட்டதாக அவருக்குத் தோன்றவில்லை. பிறகு சமரசம்.

அதனால் என் பதில்: ஃபிளெக்ஸில் "கண்ணீர் அஞ்சலி" சேர்ப்பது பேச்சு ஆகாது. ஆனால் அளவுகோல் இன்னொரு பக்கம் உடையும், அதை ஒத்துக்கொள்கிறேன். 26ஆம் தேதி நினைவு நாள் நிகழ்ச்சியைச் செய்தியாகப் போடுகிறவர், பின்னணி ஃபிளெக்ஸோடு சேர்த்துப் படம் எடுத்துப் போட்டால், அவர் அந்தப் படத்தைப் பற்றிப் பேசவில்லை, ஆனாலும் நடப்புச் செய்தி என்ற காரணம் அவருக்கு உண்டு. பற்றியா, வைத்தா என்று மட்டும் பார்த்தால் இவரைத் தப்பாகக் குற்றம் சொல்லிவிடுவோம்.

2025 ஜனவரி 19

மலர் வந்துவிட்டது, தபாலில் எனக்கு ஒரு பிரதி. அட்டையில் ஊரின் இன்றைய அலைதடுப்புக் கற்கள், மன்றத்துப் பையன் போனில் எடுத்தது. உள்ளே ஆர்கோ தத்தா படத்தைப் பற்றி இரண்டு பக்கக் கட்டுரை, படம் தீப்பெட்டி அளவில். படத்தின் ஓரத்தில் இறந்தவரின் கை மட்டும் தெரிவதை அந்தக் கட்டுரை எழுதிய பெண் பார்த்து எழுதியிருக்கிறார். பதினெட்டு வயதாம். இதுதான் படத்தைப் பற்றிப் பேசுவது.

2025 மார்ச் 2

போபால் விஷவாயுச் சாவுகளின் படத்தைப் பற்றிக் கேட்டவருக்குப் பதில் தாமதம், மன்னிக்கவும். 1984 டிசம்பரில் புதைக்கப்படும் குழந்தையின் முகம், கண் திறந்தபடி. அது ஒரு படம் இல்லை, இரண்டு. ரகு ராய் கறுப்பு வெள்ளையில் எடுத்தார், பாப்லோ பார்த்தலோமியோ வண்ணத்தில் எடுத்தார். அந்த ஆண்டின் உலகப் பத்திரிகைப் புகைப்பட விருது வண்ணப் படத்துக்கு. பேனர்களில் இரண்டும் மாறி மாறிப் பெயர் தப்பாக வருகின்றன. ஒரே குழி, ஒரே முகம், ஆனாலும் உரிமை தனித்தனி, ஏனென்றால் சட்டம் காப்பது நிகழ்ச்சியை அல்ல, எடுத்த விதத்தை. அந்தக் காட்சியை யாரும் எழுதலாம், தானாக வரையலாம். குழந்தையின் பெயர் கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை.

2025 மே 18

டிசம்பர் 20 குறிப்பில் வியட்நாம் படத்துக்கு எடுத்தவர் பெயரை நான் எழுதவில்லை என்று ஒருவர் சுட்டிக்காட்டினார். நான் கத்திக்கொண்டிருப்பதே பெயரைப் பற்றி, அதனால் வெட்கமாக இருந்தது. சரி, சேர்க்கலாம் என்று உட்கார்ந்தால் முந்தாநாள் செய்தி வருகிறது.

1972 ஜூன் 8, டிராங் பாங். அசோசியேட்டட் பிரஸ் அரை நூற்றாண்டாக நிக் உட் என்றுதான் போட்டுவந்தது, 1973 புலிட்சரும் அவருக்கே. இந்த ஜனவரியில் வந்த ஒரு ஆவணப்படம், எடுத்தவர் நுயென் தான் நே என்ற பகுதிநேரப் புகைப்படக்காரர் என்றது. ஏபி இந்த மாதம் தன் விசாரணையை வெளியிட்டு, பெயரை மாற்றும் அளவுக்கு உறுதியான சான்று இல்லை, நிக் உட் பெயர் தொடரும் என்றது. உலகப் பத்திரிகைப் புகைப்பட அமைப்போ பெயரை நிறுத்திவைத்துவிட்டது. நிக் உட் எடுத்தது தான்தான் என்கிறார்.

பகுதிநேரக்காரனாக இருந்ததால் இது எனக்கு வெறும் செய்தியாகப் படவில்லை. ஆனால் யார் பக்கமும் சாய எனக்குத் தகுதியில்லை. அடுத்த முறை அச்சடித்தால் "படம்: அசோசியேட்டட் பிரஸ், எடுத்தவர் யார் என்பதில் கருத்து வேறுபாடு உள்ளது" என்று முழுதாகப் போடுவேன். இடம் போதவில்லை என்று டிடிபிக்காரர் முனகினால் படத்தைச் சின்னதாக்குவேன்.

ஓடிவந்த சிறுமி பான் தி கிம் ஃபுக். அவர் பெயரையும் நான் விட்டிருந்தேன், அதை யாரும் சுட்டிக்காட்டவில்லை.

2025 ஜூன் 8

நெகட்டிவ் கிடைத்தது. பரணில், பழைய பிஸ்கட் டப்பாவில், ஓரம் கொஞ்சம் பூஞ்சை. புதுச்சேரியில் ஸ்கேன் செய்து பத்துக்குப் பன்னிரண்டில் பிரிண்ட் போட்டு மகளிடம் கொண்டுபோனேன்.

ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் பின்னால் இருக்கும் இடிபாட்டைக் கையால் மறைத்துப் பார்த்தார். "இதெல்லாம் வேணாம் சார். அம்மா முகம் மட்டும் வர்ற மாதிரி வெட்டித் தருவீங்களா, சாமி ரூம்ல மாட்ட."

படத்தைச் சிதைக்கக் கூடாது என்று சொல்லும் உரிமை பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆவது பிரிவின்படி எனக்கு உண்டு. வாசற்படி, குடம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு முகத்தை மட்டும் எட்டுக்குப் பத்தில் போட்டு, ஃபிரேம் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். பின்பக்கம் என் பெயர் எழுதவில்லை. அவர் அம்மாவின் பெயரையும் தேதியையும் எழுதச் சொன்னார், எழுதினேன்.